ஹல் இல்லத்து ஊழியர்கள்

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில், மேற்குப் பகுதியிலுள்ள ஹால்ஸ்டெட் வீதியில், 1889-ஆம் ஆண்டு குடியேறிய இரண்டு பெண்மணிகள், தங்கள் அக்கம்பக்கத்தாரோடு பழகத் தொடங்கிய ஆரம்ப காலத்திலேயே உடல் ஊனமுற்ற மூன்று குழந்தைகளைக் கண்டார்கள். ஒரு குழந்தை மூன்றாம் அடுக்குச் சன்னலிலிருந்து கீழே விழுந்திருந்தது. மற்றொன்று தீப்பட்டு வெந்திருந்தது. மூன்றாவது குழந்தையின் முதுகெலும்பு வளைந்துபோயிருந்தது. அதன் தாய் மூன்று வருஷ காலமாக நாள்தோறும் அதைச் சமையலறை மேசையின் காலோடு சேர்த்துக் கட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போய்வந்தாள். அருகிலிருந்த தொழிற்சாலையிலிருந்து நடுப்பகலில் ஓடிவரும் தமையன் தன் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொடுக்கும் சொற்ப நேரந்தான் அந்தக் குழந்தைக்குக் கட்டிலிருந்து விடுதலை.

இம்மூன்று குழந்தைகளுக்கும் தீங்கு நேர்ந்தது தாய் வேலைக்குப் போயிருந்த வேளையில் என்பதை அப்பெண்மணிகள் கவனித்தார்கள். அந்தத் தாய்மார்களுக்கு இரக்கமில்லாமற் போய்விடவில்லை. கூலிக்குப் போகாவிட்டால் குழந்தை பட்டினி கிடக்கும், போனாலோ அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற இக்கட்டில் அவர்கள் அகப்பட்டிருந்தார்கள். வெயில் ஏறிய நாட்களில், திருட்டுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிய தாய்மார்கள் பிள்ளைகளைத் தெருவில் விட்டுச் செல்ல, அப்பிள்ளைகள் ஒவ்வொன்றாக அப்பெண்மணிகளின் வீட்டுக் கூடத்தின் குளிர்ச்சியைத் தேடி வந்து உட்கார்ந்தன. மத்தியானத்தில் அவர்களுக்குச் சோறிட்டால், ஏதேனும் வாங்கித் தின்னச் சொல்லி அம்மா காலையில் கொடுத்துப்போன காசை, அதுவரை இறுக மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்த குழந்தைகள், அந்தச் சூடு ஆறாமலே எடுத்து நீட்டுவதுண்டாம். இப்படியாக, எந்தத் திட்டமும் போடாமல், வாசலுக்கு வந்த குழந்தைகளைத் திருப்பி அனுப்ப மனமில்லாத காரணத்தினாலேயே ஒரு குழந்தைக் காப்பகம் பிறந்தது. அதைப் பதினாறு வருஷங்கள் அவர்கள் நடத்தினார்கள்.

அந்த வீட்டின் பெயர் ஹல் இல்லம். அதைத் தொடங்கிய இருவர் ஜேன் ஆடம்ஸ், எல்லென் கேட்ஸ் ஸ்டார் என்னும் தோழியர். ஏழைக் குடும்பங்களுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் தொண்டு செய்யும் ஸ்தாபனங்கள் இன்று உலகெங்கும், நம் ஊர்களிலும் பல இருக்கின்றன. அவற்றில் வேலை செய்வோர் உண்மையில் என்ன செய்கிறார்கள், அவர்கள் உழைப்பின் பலன் ஒரு தெருவோடு நின்றுவிடுகிறதா, அல்லது நாட்டின் சட்டங்கள் வரையில் சென்று எட்டுகிறதா என்பதை அறிந்துகொள்ள விரும்புவோருக்கு இந்த ஒரு வீட்டின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

குடியேறிய விதம்

ஜேன் ஆடம்ஸ் 1860-ஆம் வருஷம் இல்லினாய் மாகாணத்தின் சீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். இரண்டு வயதில் தாயை இழந்தவர். ஆலைச் சொந்தக்காரரும் மாகாணச் சட்டசபை அங்கத்தினருமாயிருந்த தந்தையின் நிழலில் வளர்ந்தவர். கல்லூரிப் படிப்பை முடித்த 1881-ஆம் வருஷத்திலேயே தந்தையும் காலமானார். வைத்தியம் படிக்கச் சென்று, முதுகெலும்பு நோயினால் அதை நிறுத்திவிட்டு, செல்வ வீட்டுப் பெண்கள் அக்காலத்தில் செய்தபடி ஐரோப்பிய யாத்திரை சென்ற அவருக்கு, லண்டன் மாநகரத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு கண்ட காட்சி வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை: ஞாயிற்றுக்கிழமை விற்க முடியாதென்று மலிவாக ஏலம் போடப்பட்ட அழுகல் காய்கறிகளுக்காகக் கந்தல் உடுத்த மக்கள் கை நீட்டிப் போட்டியிட்டதும், ஏலத்தில் எடுத்த முட்டைக்கோசை ஒரு மனிதன் அங்கேயே பச்சையாகக் கடித்துத் தின்றதுமே அக்காட்சி. படித்த படிப்பு அத்தனையும் இத்துன்பத்தின் முன்னால் எந்தப் பிரயோஜனமுமில்லாமல் நிற்கிறதே என்ற வேதனை அவரைப் பல வருஷங்கள் அலைக்கழித்தது.

அதே லண்டன் கிழக்குப் பகுதியில், வைட்சாப்பல் என்னுமிடத்தில், சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் 1884-இல் டாயின்பீ மண்டபம் என்ற ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். சர்வகலாசாலையில் படித்த இளைஞர்கள் ஏழைகளின் தெருவிலேயே வந்து தங்கி, அத்தெருவாரோடு வாழ்ந்து, தம் கல்வியைப் பகிர்ந்துகொள்ளும் இடமாக அது விளங்கியது. அதை 1888-இல் நேரிற் கண்டு வந்த ஆடம்ஸ், ஸ்டாருடன் சிகாகோவில் வீடு தேடினார். சார்லஸ் ஹல் என்பவர் 1856-இல் கட்டிய பழைய மாளிகை ஒன்று, ஊர் பெருகி வளர்ந்ததில் தன் அந்தஸ்தை இழந்து, ஒரு பக்கம் சவ அடக்க ஏற்பாடு செய்வோரின் கடையும் மறு பக்கம் சாராயக் கடையுமாக நடுவில் நின்றுகொண்டிருந்தது. அதில் 1889-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 18-ஆம் தேதி இருவரும் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணுடன் குடிபுகுந்தார்கள். மாளிகையின் உரிமையைப் பெற்றிருந்த ஹெலன் கல்வர் என்ற அம்மையார் சிறிது காலத்தில் வாடகையே வேண்டாமென்று விட்டுக்கொடுத்தார்.

சுற்றிலும் வசித்தவர்கள் இத்தாலியர், ஜெர்மானியர், போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த யூதர், பொஹீமியர், ஐரிஷ்காரர், பின்னர் கிரேக்கர். பத்து லட்சம் ஜனத்தொகையை எட்டியிருந்த அந்நகரத்தின் தொழிற்சாலைகளும் தையற்கூடங்களும் மலிவான கூலிக்கு ஆள் கேட்க, கடல் கடந்து வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். கல் பாவாத தெருக்களும், சாக்கடை இணைப்பில்லாத வீடுகளும், ஒரே அறைக்குள் ஒரு முழுக் குடும்பமுமாக அவர்கள் ஜீவனம் நடந்தது.

முதலில் ஏற்பட்டது, வரவேற்பறையிலேயே நடத்தப்பட்ட குழந்தைகள் பள்ளி. அதன் பின் மாலை வகுப்புகள், சிறுவர் சங்கங்கள், படிக்கும் அறை, சித்திரசாலை, இசைப் பள்ளி, உடற்பயிற்சிக் கூடம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 1907-க்குள் அந்த ஒரு வீடு பதின்மூன்று கட்டடங்களாக விரிந்துவிட்டது. ஆனால் கட்டடங்களைக் காட்டிலும் முக்கியமானது அங்கே வாழ்ந்த ஊழியர்களின் நியதி. சம்பளத்துக்கு வந்து மாலையில் வீடு திரும்பும் உத்தியோகஸ்தர்களாக அவர்கள் இருக்கவில்லை. அந்த வீட்டிலேயே தங்கி, தங்கள் அறைக்கும் உணவுக்கும் தாங்களே பணம் கொடுத்து, பலர் பகலில் வெளியே வேறு வேலை பார்த்து, எஞ்சிய நேரமெல்லாம் அண்டை அயலாருக்காக உழைத்தார்கள்.

அந்த உழைப்பு பெரும்பாலும் சரித்திரத்தில் எழுதப்படாத வகையைச் சேர்ந்தது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது, நோயாளியின் பக்கத்தில் கண் விழிப்பது, இறந்தவரின் உடலைக் கழுவி அடக்கத்துக்குத் தயார் செய்வது ஆகிய காரியங்களுக்கு அவர்களை அழைத்தார்கள். திருமண மோதிரத்தைத் தொலைத்த குற்றத்துக்காகக் கணவனிடம் ஒரு வாரம் தினமும் அடிபட்ட பதினைந்து வயது இத்தாலிய மணப்பெண் அவர்கள் வீட்டில் வந்து ஒளிந்துகொண்டாள். மணமாகாமல் கர்ப்பமான ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை எடுத்தபோது அவளைத் தொடவும் அண்டை வீட்டார் மறுக்க, ஜேன் ஆடம்ஸும் ஜூலியா லேத்ராப் என்ற தோழியும் ஓடிச்சென்று, வைத்தியர் வந்து சேருமுன் தாங்களே அந்தப் பிரசவத்தைப் பார்த்தார்கள். கைவிட்டுப் போன கணவனிடமிருந்து ஜீவனாம்சம், விபத்தில் மாண்டவனின் விதவைக்கு நஷ்ட ஈடு, பாஷை தெரியாதவருக்கு ஆஸ்பத்திரியில் இடம் என்று, பெரிய நகரத்தின் காரியாலயங்களுக்கும் அவற்றின் வாசலை அணுகவே அஞ்சிய எளிய ஜனங்களுக்கும் இடையில் நின்று பேசுவதே அவர்களுடைய அன்றாட வேலையாயிற்று. இன்றும் எந்த ஊரிலும் இத்தகைய ஸ்தாபனத்தில் பணிபுரிபவரின் நாள் இவ்வாறே கழிகிறது.

துன்பத்தின் வேரைத் தேடி

முதல் கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது, அந்த வீட்டுக்கு வந்த சிறுமியர் சிலருக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். விசாரித்ததில், ஆறு வாரங்களாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரையில் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்து வந்த அப்பெண் குழந்தைகளுக்கு மிட்டாயைக் கண்ணாற் காணவும் பிடிக்காமற் போயிருந்தது தெரியவந்தது. அதே குளிர்காலத்தில், ஹல் இல்லத்தின் சிறுவர் சங்கத்தைச் சேர்ந்த மூன்று பையன்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் ஒரே யந்திரத்தில் அடிபட்டார்கள், ஒருவன் இறந்தான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு மாட்டியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்து அது. முதலாளிகள் மனமிரங்கி ஏதேனும் செய்வார்களென்று நம்பிச் சென்ற ஊழியர்களுக்குக் கிடைத்த செய்தி, விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு கோரமாட்டோமென்று பெற்றோர் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான்.

தர்ம சிந்தனையுள்ள எவரும் இந்நிலையில் இறந்த பையனின் குடும்பத்துக்குப் பணம் அனுப்பியிருப்பார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கொண்டுவந்தவர், 1891-ஆம் வருஷ இறுதியில், கொடுமைக்காரக் கணவனை விட்டு நீங்கித் தம் மூன்று குழந்தைகளுடன் சிகாகோவுக்கு வந்து, அவ்வீட்டின் கதவைத் தட்டிய ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணி. கண்டதை எண்ணிக் கணக்கெடுத்து, அக்கணக்கைச் சட்டசபையின் முன் வைக்க வேண்டுமென்பது அவருடைய கொள்கை. வீடுகளிலேயே துணி தைக்கும் கூலிமுறையை, இருண்ட நிலவறைகளுக்கும் மாடி அறைகளுக்கும் படியேறி இறங்கி அவர் விசாரித்தார். அவருடைய அறிக்கையும் தொழிற்சங்கத்தாரின் கிளர்ச்சியும் சேர்ந்து, 1893-இல் இல்லினாய் மாகாணத்தில் ஒரு தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கலாகாது என்றும், பெண்களுக்கும் சிறுவருக்கும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும் அது விதித்தது. அதை நிறைவேற்றும் தலைமை இன்ஸ்பெக்டராகக் கெல்லியையே மாகாண கவர்னர் ஆல்ட்கெல்டு நியமித்தார்.

இந்தச் சட்ட முயற்சியைக் கைவிட்டால் ஹல் இல்லத்தின் தர்ம காரியங்களுக்கு ஐம்பதினாயிரம் டாலர் கிடைக்க ஏற்பாடு செய்வதாக வியாபாரிகளின் சார்பில் ஒருவர் வந்து சொன்னபோது, அதை மறுத்துவிட்ட ஜேன் ஆடம்ஸ், தம்மிடம் அப்படிக் கேட்கும் துணிவு ஒருவருக்கு உண்டாகும்படி தாம் எப்படி நடந்துகொண்டோமோ என்று வெட்கப்பட்டார். நன்கொடையை நம்பி வாழும் ஸ்தாபனங்கள் அனைத்தும் என்றாவது ஒரு நாள் எதிர்ப்பட வேண்டிய சோதனை அது.

ஆனால் சட்டத்தை முதலாளிகள் மட்டும் வெறுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் கூலியை நம்பி அடுப்பெரித்த தாய் தந்தையரும் அதை வெறுத்தார்கள். குழந்தையை வேலையிலிருந்து எடுத்தால் வீட்டில் பசி. விட்டுவைத்தால் உடம்பும் படிப்பும் நாசம். தூரத்திலிருந்து சீர்திருத்தம் பேசியவர்கள் இப்பெற்றோரைப் பேராசைக்காரர்களென்று ஏசியிருக்கலாம். ஆனால் அவர்களுடைய அடுப்பங்கரையை நேரிற் கண்டவர்களுக்கு அது இயலவில்லை. ஆதரவற்ற தாய் தன் குழந்தைகளை வீட்டில் வைத்தே வளர்க்கும்படி அரசாங்கப் பணத்திலிருந்து உதவித்தொகை தரவேண்டுமென்ற கோரிக்கை வலுப்பெற்று, 1911-இல் இல்லினாய் மாகாணம், மாகாணம் முழுவதற்கும் இத்தகைய சட்டம் செய்த முதல் மாகாணமாயிற்று. குழந்தை வேலை செய்யக்கூடாதென்ற கட்டளைக்குப் பின், அக்குழந்தையின் குடும்பம் எதை உண்டு வாழும் என்ற கேள்விக்கும் சமூகம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட செயல் அது.

ஊழியர்கள் கற்ற பாடங்கள்

தொண்டு செய்வோர் எல்லாம் தெரிந்தவர்களாக வந்து சேர்வதில்லை. ஹல் இல்லத்தார் தாங்கள் தவறிய இடங்களையும் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். 1893-இல் நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் பரவிய குளிர்காலத்தில், சரக்கு அனுப்பும் குமாஸ்தாவாக இருந்து வேலை இழந்த ஒருவர் உதவி கேட்டு வந்தார். கால்வாய் வெட்டும் இடத்தில் வேலை கிடைக்கிறது, அதை முயன்று பார்த்தபின் வாருங்கள் என்று, தர்ம ஸ்தாபனங்களின் விதிப்படி ஜேன் ஆடம்ஸ் அவரிடம் சொன்னார். அறைக்குள் உட்கார்ந்தே வேலை செய்து பழகிய அம்மனிதர், குளிர்கால வெளிவேலை தம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதென்று சொல்லியும் வேறு வழியின்றிச் சென்று, இரண்டு நாள் மண் வெட்டி, நிமோனியாக் காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்தில் மாண்டார். அவருடைய இரண்டு குழந்தைகளைப் பின்னால் காணும்போதெல்லாம் தமக்கு அது நினைவுக்கு வந்ததென்று எழுதிய ஆடம்ஸ், ஒரு மனிதனின் வாழ்க்கையையும் பழக்கங்களையும் முழுதும் அறியாமல் பொதுவிதியைக் கொண்டு அவனுக்கு உதவ முற்படுவது எவ்வளவு ஆபத்தென்பதை அதன் மூலம் கற்றார்.

சமையலறை கற்பித்த பாடம் இவ்வளவு துயரமானதன்று. ஆயினும் அதன் உட்பொருள் இதுவேதான். தையல் வேலையில் மூழ்கிய தாய்மார்களுக்குச் சமைக்க நேரமில்லை, குழந்தைகள் கடையில் வாங்கிய சத்தில்லாத பண்டங்களைத் தின்கிறார்கள் என்று கண்டு, சாஸ்திர ரீதியாக அளவிட்டு, மலிவாகவும் சத்துள்ளதாகவும் உணவு சமைத்து விற்கும் பொதுச் சமையலறையை அவர்கள் தொடங்கினார்கள். அண்டை வீட்டார் அதிகம் வாங்கவில்லை. பல தேசங்களிலிருந்து பல ருசிகளோடு வந்த ஜனங்களின் நாக்கைக் கேளாமல் அவர்களுடைய உடம்புக்கு நல்லதை மட்டும் நிர்ணயித்த தவற்றை உணர்ந்த ஊழியர்கள், அதனோடு கூட ஒரு காப்பிக் கடையைத் திறந்து, ஜனங்கள் கூடிப் பேசி உட்காரும் இடமாக்கியபோதுதான் அது செழித்தது.

குப்பை விஷயத்தில் அவர்களுடைய கணிப்பு பலித்தது. அந்த வட்டத்தில் குழந்தைகள் அதிகமாகச் சாவதற்குத் தெருக்களில் மலைபோற் குவிந்த குப்பையும் ஒரு காரணமென்று சந்தேகித்த ஹல் இல்லத்துப் பெண்கள் சங்கத்தார், சந்து சந்தாகச் சென்று, சுகாதார விதிகள் மீறப்பட்ட இடங்களைக் குறித்து, நூற்றுக்கணக்கான புகார்களை நகரசபைக்கு அனுப்பினார்கள். பயனில்லாமற் போகவே, 1895-இல் ஜேன் ஆடம்ஸ் தாமே குப்பை அள்ளும் கண்டிராக்டுக்கு மனுப்போட்டார். அது தள்ளப்பட்டாலும், அதனால் எழுந்த பேச்சின் விளைவாக வருஷத்துக்கு ஆயிரம் டாலர் சம்பளத்தில் அவ்வட்டத்தின் குப்பை இன்ஸ்பெக்டராக நியமிக்கப்பட்டார். காலை ஆறு மணிக்கு எழுந்து வண்டிகளின் பின்னாலேயே சென்று, அள்ளிய குப்பை போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று அவர் மேற்பார்வை பார்த்தார். மரண விகிதத்தில் நகரத்தில் மூன்றாமிடத்திலிருந்த அவ்வட்டம் சில வருஷங்களில் ஏழாமிடத்துக்கு இறங்கியது.

அதே 1895-இல், சுற்றுப்புறத்து வீடுகள் ஒவ்வொன்றிலும் எந்த தேசத்தார் வசிக்கிறார்கள், வாரத்துக்கு என்ன கூலி பெறுகிறார்கள் என்பதை வர்ணங்களால் குறித்த படங்களும் கட்டுரைகளும் அடங்கிய நூலொன்றை ஊழியர்கள் வெளியிட்டார்கள். வறுமை என்பது சோம்பேறிகளுக்கு நேரும் தனிக் குறை என்று எண்ணியிருந்தவர்களுக்கு, ஒரு தெரு முழுவதும் ஒரே கூலிக்கு உழைத்து ஒரே வறுமையில் கிடப்பதை அப்படங்கள் பிரத்தியட்சமாகக் காட்டின.

வீதியிலிருந்து ராஜ்யத்துக்கு

ஜூலியா லேத்ராப் பேச்சில் அமைதியும் செயலில் உறுதியும் வாய்ந்தவர். மாகாணத் தர்ம ஸ்தாபனங்களின் மேற்பார்வைக் குழுவில் 1893-இல் அங்கம் பெற்ற அவர், இல்லினாய் மாகாணத்தின் 102 ஜில்லாக்களிலுமுள்ள ஏழைகள் விடுதிகளுக்கு நேரிற் சென்றார். சிறைகளில், சிறு திருட்டுக்காகப் பிடிபட்ட பையன்கள் தேர்ந்த குற்றவாளிகளோடு ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்தார்கள். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில், பெரியவர்களுக்கான தண்டனை விதிகளின்படியே குழந்தைகளும் விசாரிக்கப்பட்டார்கள். லேத்ராப்பும் லூசி ஃபிளவர் என்ற அம்மையாரும் வக்கீல்களும் பெண்கள் சங்கங்களும் இடைவிடாது முயன்றதன் பயனாக, அமெரிக்காவின் முதல் சிறுவர் நீதிமன்றம் 1899-ஆம் வருஷம் ஜூலை மாதம் சிகாகோவில் கூடியது. தவறு செய்த குழந்தையைத் தண்டிப்பதற்கு முன், அது ஏன் தவறியது, அதன் வீட்டு நிலை என்ன, அதை யார் கண்காணித்துத் திருத்த முடியும் என்று விசாரிப்பதே அந்நீதிமன்றத்தின் நோக்கம்.

சட்டம் நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரிகளை நியமிக்க இடங்கொடுத்ததே தவிர, அவர்களுக்குச் சம்பளம் ஒதுக்கவில்லை. ஹல் இல்லத்தில் வசித்த அல்ஸினா ஸ்டீவன்ஸ் முதல் அதிகாரியாகப் பணியேற்றார். லூயிஸ் போவன் முதலிய சீமாட்டிகள் நிதி திரட்டிச் சம்பளம் கொடுத்தார்கள். பின்னர் அரசாங்கமே அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஒரு காரியம் அவசியமென்றும் சாத்தியமென்றும் தனியார் செய்து காட்டியபின் அதை ராஜ்யம் ஏற்பது என்னும் இந்த ஒழுங்கை ஹல் இல்லத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அடித்தளத்தில் ஐந்து குளியலறைகள் கட்டி அண்டை வீட்டாருக்குத் திறந்துவிட்டார்கள். அவை நிரம்பி வழிந்ததைக் காட்டி நகரசபையைப் பொதுக் குளியல் மண்டபம் கட்டச் செய்தார்கள். குழந்தைகள் விளையாட மைதானம் அமைத்தார்கள். அதன்பின் நகரமெங்கும் மைதானங்கள் வந்தன.

1897-இல் அங்கே வந்து தங்கிய டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், சிசுக்களைக் குளிப்பாட்டி எடை பார்க்கும் சிறு வைத்தியசாலையை நடத்தினார். தாய்மார்களின் வாயிலாக அவர்களுடைய கணவன்மாரின் வேலையிடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஈயத் தொழிற்சாலைகளில் உழைப்போரின் உடலில் ஏறும் விஷத்தை ஆராயத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சியே அமெரிக்காவில் தொழில்முறை நோய்கள் பற்றிய சாஸ்திரத்துக்கு அடிகோலியது. 1919-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் முதல் பெண் ஆசிரியராக அவர் நியமனம் பெற்றார்.

1912-இல் அமெரிக்க மத்திய அரசாங்கம் குழந்தைகள் நலத்துக்கென்றே தனி இலாகா ஒன்றை அமைத்து, அதன் தலைமையை ஜூலியா லேத்ராப்புக்கு அளித்தது. மிகச் சிறிய நிதியோடும் பதினைந்து ஊழியர்களோடும் தொடங்கிய அவர், பென்ஸில்வேனியாவிலுள்ள ஜான்ஸ்டவுன் என்ற ஊரில் ஒவ்வொரு சிசு மரணத்தையும் வீடு வீடாக விசாரிக்கச் செய்தார். தந்தையின் கூலி குறையக் குறையச் சிசு மரணம் ஏறுகிறது என்ற உண்மை அதில் வெளிப்பட்டது. ஹால்ஸ்டெட் வீதியில் தாங்கள் கண்ணாற் கண்டதை நாடு முழுவதற்கும் கணக்கினால் நிரூபித்த செயலாக அது அமைந்தது. அவருக்குப் பின் 1921-இல் அவ்விலாகாவின் தலைமையை ஏற்ற கிரேஸ் ஆபட்டும் ஹல் இல்லத்தில் வாழ்ந்து பயின்றவரே.

குறைகளும் முடிவும்

இவ்வீட்டின் சரித்திரத்தில் குறைகளும் உண்டு. கறுப்பு இன மக்களின் உரிமைக்காக ஆடம்ஸ் குரல் கொடுத்தவரேயானாலும், முதல் பல பத்தாண்டுகளில் ஹல் இல்லத்தின் வகுப்புகளும் சங்கங்களும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தோருக்கே பயன்பட்டன. முதல் உலக யுத்தத்தை எதிர்த்ததற்காக ஆடம்ஸ் தேசத் துரோகி என்று தூற்றப்பட்டார். நன்கொடையாளர் பலர் விலகினர். பிற்காலத்தில் உலகம் மனம் மாறி 1931-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசை மற்றொருவருடன் பகிர்ந்து அவருக்கு அளித்தது. 1935-ஆம் வருஷம் மே மாதம் 21-ஆம் தேதி அவர் காலமானபோது, அவரைக் கடைசி முறையாகக் காண ஹல் இல்லத்தின் வாசலில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வரிசையாக நின்றார்கள்.

1963-இல் அவ்விடத்தில் சர்வகலாசாலை கட்டுவதற்காக, அக்கம்பக்கத்தார் கடுமையாக எதிர்த்தும், கட்டடங்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டன; மூல மாளிகையும் உணவு மண்டபமும் மட்டும் பொருட்காட்சி சாலையாக எஞ்சின. ஸ்தாபனம் நகரத்தின் பல பகுதிகளில் கிளைகளாகப் பிரிந்து, வளர்ப்புப் பெற்றோரிடம் குழந்தைகளை ஒப்படைத்துக் கண்காணிப்பது, குழந்தைக் காப்பகம், குடும்ப ஆலோசனை ஆகிய பணிகளைத் தொடர்ந்தது. ஆனால் அதன் வருமானத்தின் பெரும்பகுதி அரசாங்க ஒப்பந்தங்களிலிருந்தே வரும் நிலை ஏற்பட்டுவிட்டபடியால், அந்த வருமானம் சுருங்கியபோது தாங்க முடியாமல், 2012-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் 122 வருஷ காலத்து ஸ்தாபனம் திடீரென மூடப்பட்டது. ஏறத்தாழ 300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள்.

தனியார் கொடையை நம்பினால் கொடையாளரின் மனப்போக்குக்கு ஆட்பட வேண்டும். அரசாங்கத்தையே நம்பினால் வரவு செலவுத் திட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஆட்பட வேண்டும். இவ்விரு ஆபத்துகளுக்கும் மாற்று, எந்த ஊர்க் குழந்தைகளுக்காக ஒரு ஸ்தாபனம் உழைக்கிறதோ அந்த ஊரார் பலரும் தங்களால் இயன்ற சிறு தொகையையும் நேரத்தையும் வருஷந்தோறும் தவறாமல் தருவதுதான். ஆலமரத்தை அதன் விழுதுகள் தாங்குவதைப் போல, பலருடைய சிறு உதவி ஊன்றி நிற்கும் அறம் ஒரே தூண் சாய்ந்ததால் விழுந்துவிடாது.

சிறுவர்களுக்குத் தனி நீதிமுறை வேண்டுமென்ற கருத்து சிகாகோவிலும் இங்கிலாந்திலும் பிற இடங்களிலும் வேரூன்றிப் பரவிய காலத்தில், இந்தியாவின் மாகாணங்களில் முதன்முதலாகச் சென்னை மாகாணமே 1920-இல் சிறுவர் சட்டம் ஒன்றைச் செய்தது. இன்று நம் ஜில்லாக்களில் குழந்தைகள் நலக் குழுக்களின் முன் ஒரு சிறுவனையோ சிறுமியையோ அழைத்துச் சென்று, வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை எழுதும் ஊழியர், தாம் அறிந்தோ அறியாமலோ, அல்ஸினா ஸ்டீவன்ஸ் தொடங்கிய வேலையைத் தொடர்கிறார். மாலைப் பாடம் நடத்துபவரும், குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனிடம் பொறுமையாகப் பேசுபவரும், பள்ளிக்கு வராமற் போன பெண்ணைத் தேடிச் செங்கற்சூளைக்குப் போகிறவரும் அவ்வகையினரே.

அவர்களுக்கு ஹல் இல்லம் விட்டுச் சென்ற உபதேசம் இரண்டு. உதவி பெறுபவரின் தெருவையும் அடுப்பையும் கூலியையும் பாஷையையும் அறிந்தபின்னரே அவருக்கு எது நன்மை என்று தீர்மானிக்கத் துணிய வேண்டும் என்பது ஒன்று. ஒரே துன்பம் பத்து வீடுகளில் காணப்படுமானால், பத்துப் பேருக்கும் உதவி செய்ததோடு நில்லாமல், அதைத் தேதியோடும் எண்ணிக்கையோடும் எழுதிவைத்து, அதன் காரணத்தை அதிகாரத்திலிருப்போர் முன் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. நாமோ, பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கும் ஆண்டு விழாவில் மட்டும் அவ்வூழியர்களை மாலையிட்டுப் புகழ்ந்துவிட்டு, அவர்களுடைய மாதச் சம்பளத்தையும் அவர்கள் எழுதும் அறிக்கைகளையும் ஏறெடுத்தும் பாராத வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். ஏழைக் குழந்தையைக் காப்பவருக்கு ஒழுங்கான ஊதியம் கிடைப்பதும், அவர் கண்டு சொல்லும் உண்மைக்குச் சபைகளில் செவி கிடைப்பதும், அந்தக் குழந்தைக்கே நாம் செலுத்தும் கடனாகும்.